கடல் கடந்து வந்த மூன்று வேன்கள்

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் சிறிய சரக்கு வண்டி எதைப் பார்த்தாலும் ‘டெம்போ’ என்றுதான் சொல்வோம். எந்தக் கம்பெனி வண்டி என்றெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. டெம்போ என்பது ஜெர்மனியில், ஹாம்பர்க் நகரத்தின் ஹார்பர்க் பகுதியில் இருந்த ஒரு தொழிற்சாலை தன் வண்டிகளுக்கு வைத்த பெயர். அந்தத் தொழிற்சாலை கைமாறி, அந்தப் பெயரில் அங்கே வண்டி வருவது நின்று எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஆனால் சின்னமனூர் சந்தையில் வாழைத்தார் ஏற்றுகிறவர் வாயில் அந்தப் பெயர் இன்னும் இருக்கிறது.

நானும் என் அண்ணனுமாக மூன்று வேன்கள் வைத்திருந்தோம். முதல் வண்டி இங்கிலாந்துக்காரர்கள் வரைந்தது. இரண்டாவது ஜெர்மனிக்காரர்களுடையது. மூன்றாவது ஜப்பானுடையது. மூன்றும் இந்தியாவில் செய்யப்பட்டவைதான். ஆனால் மூன்றுமே பிறந்த நாட்டில் வழக்கொழிந்த பிறகு இங்கே வருடக்கணக்கில் தயாராகி ஓடியவை. ஊரில் பெரியவர்கள் ஒரு பேச்சு சொல்வார்கள், பிறந்த வீட்டில் இருந்த காலத்தைவிடப் புகுந்த வீட்டில் இருந்த காலம்தான் அதிகம் என்று. அது இந்த வண்டிகளுக்கும் பொருந்தும். அவை எப்படி வந்தன, நம் ஊரில் என்ன செய்தன என்பதை எழுதி வைக்க வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன். பேருந்துக்கும் ரயிலுக்கும் வரலாறு எழுதியிருக்கிறார்கள். வேனுக்கு யாரும் எழுதியதாகத் தெரியவில்லை.

வேனுக்கு முன்னால்

எழுபதுகளில் எங்கள் பக்கம் ஒரு குடும்பம் வெளியூர் போக வேண்டுமென்றால் வழி மூன்றுதான். ஒன்று பேருந்து. டி.வி.எஸ். பேருந்துகள் ஓடிய காலத்தை என் அப்பா பெருமையாகச் சொல்வார், பேருந்தைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருப்பி வைக்கலாம் என்று. 1972-ல் அவை அரசுடைமையாகிப் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் வந்தது. இரண்டாவது, போடி – மதுரை மீட்டர் கேஜ் ரயில். அது தேனிக்குப் போனால்தான் கிடைக்கும். மூன்றாவது மாட்டு வண்டி. வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாவுக்குக் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு வரிசையாகப் போன காட்சி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வசதியானவர்களுக்கு அம்பாசிடர் டாக்சி உண்டு. அதில் ஐந்து பேர் போகலாம், அடைத்துக்கொண்டு எட்டுப் பேர்.

இவற்றில் எதுவும் நாம் நினைத்த நேரத்தில், நாம் நினைத்த இடத்துக்கு, நம் சொந்தபந்தம் அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு போகாது. பேருந்து தன் நேரத்துக்கு வரும், தன் வழியில் போகும். ராத்திரி கடைசி வண்டி போய்விட்டால் காலை வரை ஊர் ஊராகவே கிடக்கும். அந்த இடத்தில்தான் வேன் வந்து நின்றது. பன்னிரண்டிலிருந்து இருபது பேர், ஒரே குடும்பம், வீட்டு வாசலில் ஏறிக் கோயில் வாசலில் இறங்கலாம் என்பது அன்றைக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் புரியாது.

முதல் வண்டி: ஸ்டாண்டர்டு 20

1977-ல் அம்மாவின் நகையை அடகு வைத்து, தென்னந்தோப்புக் குத்தகைப் பணத்தையும் சேர்த்து, மதுரையில் ஒரு பழைய ஸ்டாண்டர்டு 20 வேன் வாங்கினோம். எனக்கு அப்போது 23 வயது. அண்ணன் ஓட்டுவார், நான் கிளீனராகவும் கணக்கப்பிள்ளையாகவும் கூடப் போவேன். இரண்டு வருடம் கழித்து நானும் லைசென்ஸ், பேட்ஜ் எல்லாம் எடுத்துவிட்டேன்.

ஸ்டாண்டர்டு என்றால் உங்களில் பலருக்கு ஹெரால்டு கார்தான் நினைவுக்கு வரும். சென்னையை அடுத்த வண்டலூரில், ஜி.எஸ்.டி. சாலை ஓரமாக இருந்தது அந்தத் தொழிற்சாலை. ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்று பெயர். நாடு விடுதலை பெற்ற கொஞ்ச காலத்திலேயே இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியும் சென்னைக்காரர்களும் கூட்டாகத் தொடங்கியது. வான்கார்டு, ஸ்டாண்டர்டு 10, பிறகு 1961-லிருந்து ஹெரால்டு, அதன் பின்னால் கெஸல் என்று கார்கள் வந்தன. அதோடு இந்த வேனும் வந்தது.

இந்த வேனின் பூர்வீகம் 1958. அந்த வருடம் கவென்ட்ரிக்காரர்கள் ‘அட்லஸ்’ என்ற பெயரில் இதை வெளியிட்டார்கள். முதலில் சிறிய காரின் 948 சி.சி. எஞ்சினை வைத்தார்கள். ஒரு வேனை இழுக்க அது போதவில்லை. பிறகு பெரிய எஞ்சின் வைத்தார்கள். அதற்குள் லேலண்டு கம்பெனி ஸ்டாண்டர்டை வாங்கிவிட்டது. 1963-ல் இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு என்ற பெயரையே விட்டுவிட்டார்கள். வேனுக்கும் லேலண்டு பெயரை ஒட்டினார்கள். 1968-ல் அங்கே வேன் தயாரிப்பும் நின்றது. அச்சுகளும் கருவிகளும் கப்பலேறி நம் சென்னைக்கு வந்து சேர்ந்தன. இங்கே அது ஸ்டாண்டர்டு 20 ஆயிற்று. 20 என்பது எடைக் கணக்கு. இருபது அந்தர், அதாவது சுமார் ஒரு டன் ஏற்றலாம் என்று பொருள்.

ஆக, சொந்த ஊரில் அழிந்த பெயரை இருபத்தைந்து வருடம் காப்பாற்றி வைத்தது வண்டலூர்தான். அங்கே ‘ஸ்டாண்டர்டு’ என்றால் சாதாரணச் சரக்கு என்று பொருள் மாறிப்போனதால் அந்தப் பெயரை விட்டார்கள் என்று சொல்வார்கள். நம் ஊரில் அதே சொல்லுக்குத் தரமானது என்று பொருள். எங்கள் வண்டியைக் காட்டி, “ஸ்டாண்டர்டு வண்டிப்பா” என்று அண்ணன் சொல்லும்போது அதில் ஒரு மிடுக்கு இருக்கும்.

வண்டிக்கு முன்னால் மூக்கு கிடையாது. எஞ்சின் உள்ளேயே, டிரைவருக்கும் பக்கத்து ஆளுக்கும் நடுவில் ஒரு பெட்டிக்குள் இருக்கும். மார்கழிப் பனியில் அந்தப் பெட்டியின் மேல் உட்கார இடம் கேட்டுச் சண்டை நடக்கும். சித்திரையில் அதே இடத்தைச் சும்மா கொடுத்தாலும் யாரும் வாங்க மாட்டார்கள். எஞ்சினைப் பார்க்க வேண்டுமானால் உட்கார்ந்திருப்பவரை எழுப்பிவிட்டு மூடியைத் தூக்க வேண்டும். பெண் அழைப்புக்குப் போகும் வழியில் மூடியைத் தூக்கினால் பட்டுப்புடவைகள் எல்லாம் பின்னால் ஒதுங்கும்.

வண்டி எங்கள் கைக்கு வந்தபோதே அதற்குப் பாகங்கள் கிடைப்பது குறைந்துகொண்டிருந்தது. அங்கேதான் எங்கள் மெக்கானிக் பாயைச் சொல்ல வேண்டும். தேனியில் ஒரு புளியமரத்தடியில் பட்டறை. படித்தது அஞ்சாவது. ஒரு புஷ் தேய்ந்துபோனால் அதைக் கையில் வைத்து உருட்டிப் பார்ப்பார். பிறகு ஒரு பழைய சிகரெட் அட்டையில் அளவு எழுதி, “தம்பி, மதுரையில லேத்துல கொடுத்து இதே மாதிரி வாங்கிட்டு வாங்க” என்பார். கவென்ட்ரியில் செய்த சாமானும் மதுரையில் கடைந்த சாமானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஓடும். இன்னொன்றும் அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். வான்கார்டு காரின் எஞ்சினும் ஃபெர்குசன் டிராக்டரின் எஞ்சினும் ஒரே குடும்பம். அந்த டிராக்டரையும் கவென்ட்ரியில் ஸ்டாண்டர்டுதான் செய்து கொடுத்தது. பள்ளிக்கூடப் பக்கம் அதிகம் போகாத மனிதர் இதை எங்கே தெரிந்துகொண்டார் என்று கேட்டேன். “கழட்டிப் பாத்தா தெரியாதா தம்பி” என்றார்.

இரண்டாவது வண்டி: மெட்டடோர்

1983-ல் அடுத்த வண்டி எடுத்தோம். இம்முறை புத்தம் புதுசு, வங்கிக் கடனில். 1969 ஜூலையில் 14 வங்கிகளை அரசுடைமை ஆக்கியதைப் பற்றி நிறைய பேசுகிறோம். எங்களைப் போன்றவர்களுக்கு அதன் பொருள் என்னவென்றால், ஒன்றிரண்டு வண்டி வைத்துப் பிழைக்கும் ஆட்களை முன்னுரிமைக் கடன் பட்டியலில் சேர்த்தார்கள். அதற்கு முன் வண்டி வாங்க வட்டிக்கடைக்குத்தான் போக வேண்டும். தவணை தவறினால் வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள். வங்கி வாசலை எங்கள் பரம்பரையில் முதன்முதலில் மிதித்தது அந்த மெட்டடோருக்காகத்தான்.

மெட்டடோரைச் செய்தது பூனாவில் இருந்த பஜாஜ் டெம்போ. 1958-ல் என்.கே. ஃபிரோடியா தொடங்கிய நிறுவனம். ஜெர்மனியின் டெம்போ கம்பெனியோடு ஒப்பந்தம் செய்து, முதலில் ஹான்சீட் என்ற மூன்று சக்கர வண்டியைச் செய்தார்கள். முன்னால் ஒற்றைச் சக்கரம், கனத்த மூக்கு, படபடவென்ற சத்தம். அந்தப் பழைய மூன்று சக்கர டெம்போவை அறுபதைக் கடந்தவர்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதன் பிறகு வைக்கிங் என்ற நான்கு சக்கர வண்டி. எழுபதை ஒட்டி மெட்டடோர்.

ஜெர்மனியில் இதற்குள் டெம்போவை ஹானோமாக் என்ற கம்பெனி எடுத்துக்கொண்டது. அதைப் பென்ஸ் கம்பெனி எடுத்துக்கொண்டது. எழுபதுகள் முடிவதற்குள் அங்கே அந்த வண்டியின் கதை முடிந்துவிட்டது. இங்கே 2000 வரை செய்தார்கள். நம் மாநிலத்தில் ஆம்புலன்சு, போலீஸ் வண்டி, கல்யாண வண்டி, பள்ளிக்கூட வண்டி என்று எதைக் கேட்டாலும் அன்றைக்கு மெட்டடோர்தான். 2005-ல் அந்த நிறுவனம் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. அப்படியும் நம் வாயில் டெம்போ போகவில்லை.

மெட்டடோருக்கு ஒரு தனிக் குணம் உண்டு. அதில் எஞ்சினின் இழுவை முன் சக்கரங்களுக்குப் போகும். அந்தக் காலத்து லாரி, பஸ், அம்பாசிடர் எல்லாவற்றுக்கும் பின் சக்கரம்தான் தள்ளும். முன்னால் இழுப்பதால் வண்டியின் தரை தாழ்வாக இருக்கும். பாட்டிமார் ஒரே எட்டில் ஏறிவிடுவார்கள். உள்ளே இடமும் அதிகம். ஆனால் மலை ஏறும்போது கணக்கு வேறு. ஏற்றத்தில் பாரம் முழுக்கப் பின்பக்கம் சாயும். முன் சக்கரத்தின் மேல் எடை குறையும். ஈரமண்ணில் முன் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். இதற்கு மலைப்பாதை டிரைவர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். வண்டியைத் திருப்பிப் பின்னோக்கி ஏற்றுவது. அப்போது இழுக்கும் சக்கரங்கள் சரிவின் கீழ்ப்பக்கம் வந்துவிடும், பாரமெல்லாம் அவற்றின் மேல் இறங்கும், பிடிப்பு கிடைக்கும். மேகமலைக்குப் போகும் பாதை அன்றைக்கு மண்ணும் கல்லுமாகக் கிடந்தது. அதில் மெட்டடோர் ரிவர்ஸில் ஏறுவதைப் பார்த்த ஒரு தேயிலைத் தோட்டத்துப் பெரியவர், “ஏப்பா, ஊருக்குத் திரும்பிப் போறியா, மேல வர்றியா?” என்று கேட்டார்.

கார்த்திகை பிறந்துவிட்டால் எங்களுக்குத் தூக்கம் கிடையாது. கம்பம், கூடலூர், குமுளி வழியாகத்தான் பாதித் தமிழ்நாடு சபரிமலைக்குப் போகும். குமுளியில் ஏறி, வண்டிப்பெரியாறு, குட்டிக்கானம், முண்டக்கயம், எருமேலி, பம்பை. அண்ணன் மாலை போட்டுத்தான் ஓட்டுவார். வண்டிக்கும் மாலை உண்டு. தை முடியும்போது வங்கித் தவணையில் பாதி அடைந்திருக்கும்.

சிவராத்திரிக்குக் குலதெய்வம் கோயில். இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் பல குடும்பங்களுக்குக் குலதெய்வம் உசிலம்பட்டிப் பக்கம் ஏதாவது ஒரு கரட்டடியில் இருக்கும். பேருந்து நிற்கும் இடத்திலிருந்து நாலைந்து மைல் நடக்க வேண்டும். கிடா, பானை, அரிசி, விறகு, கைக்குழந்தை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு நடக்க முடியாமல் பல குடும்பங்கள் தலைமுறைக்கு ஒருமுறை போவதே அரிதாக இருந்தது. வேன் வந்த பிறகு வருடா வருடம் போனார்கள். கிடா கேரியர் மேலே, பங்காளிகள் உள்ளே. விட்டுப்போன சொந்தங்கள் அங்கே கூடின. பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பிகள் ஒரே வண்டியில் இடித்துக்கொண்டு உட்கார வேண்டி வந்ததால் பேச ஆரம்பித்ததை நானே கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

ராத்திரி சவாரி

கல்யாணமும் கோயிலும் பகல் வேலை. வேனுக்கு இன்னொரு வேலை உண்டு. அது ராத்திரியில் கதவு தட்டும்.

அன்றைக்கு எங்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரி என்றால் மதுரைதான். இராஜாஜி மருத்துவமனை. ஊரில் வயதானவர்கள் எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்றே சொல்வார்கள். சின்னமனூரிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர். தேனிக்கு அருகே க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி 2004-ல்தான் வந்தது. 108 ஆம்புலன்சு 2008-ல்தான் வந்தது. அதற்கு முந்தைய முப்பது வருடம் பிரசவம், பாம்புக்கடி, பூச்சி மருந்து குடித்தது, கிணற்றில் விழுந்தது எல்லாவற்றுக்கும் வேன்காரன் வீட்டுக் கதவுதான்.

1984 ஐப்பசி. நல்ல மழை. திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்கிற ஒருவர் ராத்திரி பதினொரு மணிக்கு மேல் வந்து நின்றார். மனைவிக்கு முதல் பிரசவம். காலையிலிருந்து வலி, குழந்தை திரும்பவில்லை, இங்கே முடியாது, மதுரைக்குக் கொண்டுபோங்கள் என்று நர்ஸம்மா சொல்லிவிட்டார். அண்ணனுக்குக் காய்ச்சல். நான்தான் வண்டி எடுத்தேன். நடு சீட்டைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, வைக்கோல் பரப்பி, அதன் மேல் ஜமுக்காளம் விரித்தோம். என் அம்மா இரண்டு பழைய சேலைகளையும் ஒரு போசியில் வெந்நீரையும் எடுத்துக்கொண்டு யாரும் கேட்காமலே ஏறி உட்கார்ந்துவிட்டார்.

ஆண்டிபட்டி கணவாயில் மழை கண்ணாடியை மறைத்தது. வேகமாகப் போனால் உள்ளே அந்தப் பெண் அலறுவாள். மெதுவாகப் போனால் நேரம் போகும். பின்னாலிருந்து அம்மா, “மெல்லய்யா” என்பார், அடுத்த நிமிடமே “வெரசாப் போய்யா” என்பார். உசிலம்பட்டி தாண்டியதும் சத்தம் நின்றுவிட்டது. எனக்குக் கை நடுங்கியது. “மயக்கம்தான், நீ ஓட்டு” என்றார் அம்மா. மூன்றரை மணிக்கு ஆஸ்பத்திரி வாசல். விடிவதற்குள் ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்துவிட்டார்கள். தாயும் பிழைத்தாள். பெண் குழந்தை.

இரவு ஆஸ்பத்திரி சவாரிக்கு முன்பணம் கேட்பதில்லை என்று எங்கள் ஊர் வேன்காரர்கள் எல்லோருக்கும் ஒரு முறை இருந்தது. யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. டீசல் போட்டுக்கொள்வோம், பிறகு முடிந்தபோது கொடுப்பார்கள். அந்தத் திராட்சைத் தோட்டக்காரர் ஐந்து வருடம் கழித்து, அந்தப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்றைக்கு, ஒரு மூட்டை அரிசியோடு வந்தார். வாங்க மாட்டேன் என்றதற்கு, “எம் பொண்ணுக்குக் கடன் வைக்காதீங்கண்ணே” என்றார். வாங்கிக்கொண்டேன்.

எல்லா ராத்திரியும் அப்படி முடியவில்லை. போகும்போது ஆளாகப் போய், வரும்போது உடலாக வந்ததும் உண்டு. அந்த மாதிரி சவாரி முடிந்தால் வீட்டுக்கு வராமல் நேரே முல்லைப் பெரியாற்றுக்குப் போய் வண்டியைக் கழுவுவோம். மஞ்சள் தண்ணீர் தெளித்து, கோயிலில் சூடம் காட்டி, அதற்குப் பிறகுதான் அடுத்த சவாரி. மறுநாள் அதே வண்டியில் ஒரு கல்யாணப் பெண் ஏறுவாள். முதல் நாள் நடந்தது அவளுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது.

மூன்றாவது வண்டி: மாருதி வேன்

எண்பதுகளின் நடுவில் நம் நாட்டு வண்டித் தொழிலில் பெரிய மாற்றம் வந்தது. அதுவரை எந்த வண்டியை எத்தனை செய்யலாம் என்பதற்கும் அரசு லைசென்ஸ் வேண்டும். பிறகு ஜப்பான் கம்பெனிகளோடு கூட்டு வைக்க வழிவிட்டார்கள். டி.சி.எம். டொயோட்டா, ஆல்வின் நிசான், ஐச்சர் மிட்சுபிஷி, ஸ்வராஜ் மஸ்டா என்று நான்கு சிறு லாரிகள் இரண்டு மூன்று வருடத்துக்குள் வந்து இறங்கின. 1986-ல் டாடா 407 வந்தது. 1987-ல் பஜாஜ் டெம்போவே டிராவலரைக் கொண்டுவந்தது. ஸ்வராஜ் மஸ்டாவில் பாடி கட்டிய வேன் வந்த பிறகு கல்யாணக்காரர்கள் அதையே கேட்டார்கள். சீட்டு உயரம், கண்ணாடி பெரிசு, பாட்டு நன்றாகக் கேட்கும்.

அதே காலத்தில்தான் ஸ்டாண்டர்டின் கதையும் முடிந்தது. 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய காரைக் கொண்டுவந்தார்கள். இங்கிலாந்தின் ரோவர் காருடைய உடம்பு, உள்ளே வான்கார்டு காலத்து வழிவந்த எஞ்சின். விலை அதிகம், வாங்க ஆள் குறைவு. 1988-ல் வண்டலூர் தொழிற்சாலை உற்பத்தியை நிறுத்தியது. எங்கள் ஸ்டாண்டர்டு 20-ஐ அதற்கு முன்பே ஒரு பால் வியாபாரிக்குக் கொடுத்துவிட்டோம். தொழிற்சாலை நின்றுபோன செய்தி பத்திரிகையில் வந்த அன்று மெக்கானிக் பாய் பட்டறையில் யாரோடும் பேசவில்லை.

1990-ல் வீட்டு உபயோகத்துக்கும் சிறு சவாரிக்குமாக ஒரு மாருதி வேன் வாங்கினேன். மாருதி 800 கார் 1983 டிசம்பரில் வந்தது. ஒரு வருடம் கழித்து, 1984 கடைசியில் இந்த வேன் வந்தது. காரின் 796 சி.சி. மூன்று சிலிண்டர் எஞ்சினேதான் இதற்கும். அதை முன் சீட்டுக்கு அடியில் வைத்திருந்தார்கள். ஜப்பானில் சுசுகியின் ‘கேரி’ என்ற குட்டி வேன் இதற்கு மூலம். அங்கே அந்த உருவத்தை 1985-ல் மாற்றிவிட்டார்கள். இங்கே 1988-ல் ஆம்னி என்று பெயர் வைத்து, 2019 வரை செய்தார்கள். மோதல் பாதுகாப்பு விதிகள் கடுமையானபோதுதான் நிறுத்தினார்கள்.

மெட்டடோரை ஓட்டிய கைக்கு மாருதி வேன் பொம்மை போல இருந்தது. கியர் விரலால் விழும். கதவு ஓரமாக நகர்ந்து திறக்கும். அந்தக் கதவால் சினிமாக்காரர்களுக்கு ஒரே கொண்டாட்டம். கதாநாயகியைக் கடத்த வேண்டுமென்றால் மாருதி வேன்தான் வந்து நிற்கும். என் மனைவி தியேட்டரில், “உங்க வண்டி வருது” என்று காதோரம் சொல்லிச் சிரிப்பாள். ஆனால் ஊரில் அந்த வண்டியில் போனவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் டாக்டர்களும்தான். பால்வாடியைத் தாண்டிய பெண் பிள்ளைகளை உத்தமபாளையத்துக்கும் தேனிக்கும் படிக்க அனுப்பப் பெற்றோர்கள் துணிந்ததற்கு இந்தக் குட்டி வேன்கள் ஒரு காரணம். பஸ்ஸில் அனுப்ப மாட்டேன் என்ற அப்பாக்கள், “நம்ம அண்ணன் வேன்ல போகட்டும்” என்றார்கள். அப்படிப் போனவர்களில் சிலர் இன்று ஆசிரியைகள்.

எங்கே போயின?

மெட்டடோரை 1998-ல் விற்றோம். கடைசி இரண்டு வருடம் எஃப்.சி. காட்டுவதற்கு முன்னால் டிங்கர் வேலைக்கே வருமானம் போய்விட்டது. அதற்குள் டாடா சுமோ வந்துவிட்டது. சொந்தக் காரும் பெருக ஆரம்பித்தது. ஒரு குடும்பத்துக்கு ஒரு வேன் என்ற நிலை மாறி, ஒரு வீட்டுக்கு ஒரு கார் என்று ஆயிற்று. கோயிலுக்கு எல்லோரும் போகிறார்கள், தனித்தனியாகப் போகிறார்கள். அண்ணனும் மெக்கானிக் பாயும் இப்போது இல்லை. நான் உதிரிபாகக் கடை வைத்து, அதையும் மகனிடம் கொடுத்துவிட்டு ஓய்வாக இருக்கிறேன்.

இந்த மூன்று வேன்களையும் வரைந்தவர்கள் சின்னமனூரைக் கனவிலும் கண்டிருக்க மாட்டார்கள். கவென்ட்ரியின் ரொட்டிக் கடைக்கும், ஹாம்பர்க்கின் துறைமுகத்துக்கும், ஜப்பானின் சந்துகளுக்கும் என்று வரைந்தார்கள். அங்கே பழசு என்று ஒதுக்கியதை இங்கே லேத்திலும் புளியமரத்தடியிலும் திரும்பத் திரும்பப் பழுது பார்த்து, அவர்கள் நினைத்தே பார்க்காத வேலைகளைச் செய்ய வைத்தோம். ஆம்புலன்சாக, பல்லக்காக, பங்காளிகள் பேசிக்கொள்ளும் திண்ணையாக, சில சமயம் பாடையாகவும் அவை இருந்தன. இந்த வரலாறு கம்பெனிகளின் புத்தகங்களில் இருக்காது. அவர்கள் கணக்கில் எத்தனை வண்டி விற்றது என்பது மட்டும் இருக்கும்.

பழைய வண்டிகள் பெரும்பாலும் இரும்புக் கடைக்குப் போய்விட்டன. 1989-க்கு முந்தைய பழைய எழுத்து வரிசையில் எண் போட்ட வேன் ஒன்றைச் சாலையில் பார்த்து எனக்குப் பல வருடம் ஆகிறது. ஆனால் ஓர் இடத்தில் அவை இன்னும் இருக்கின்றன. உங்கள் வீட்டுக் கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பாருங்கள். மாப்பிள்ளை அழைப்புப் படத்திலோ, மறுவீட்டுப் படத்திலோ, கூட்டத்துக்குப் பின்னால் வாழைமரம் கட்டிய ஒரு வேனின் பாதி முகம் தெரியும். அது எந்த வண்டி, யாருடையது, யார் ஓட்டினார் என்பது இன்றைக்கு உங்களுக்குத் தெரியும். உங்களுக்குப் பிறகு அதைச் சொல்ல ஆள் இருக்காது. படத்தின் பின்புறம் பென்சிலால் இரண்டு வரி எழுதி வையுங்கள். என் வீட்டுப் படங்களில் நான் எழுத ஆரம்பித்துவிட்டேன்.